முத்தமிழ் கையெழுத்துப் போட்ட கதை

வெ. முத்தமிழ் இதுவரை வென்றவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளை, படம் வரைகிற கேள்விக்கு எங்கே போவான், கணக்கை விட்டுவிடட்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் அவன் பள்ளியிலேயே கணக்கில் முதல் மதிப்பெண் அவனுக்குத்தான். கல்லூரியில் சேரப் போனபோது வரலாறு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கணக்கு எடுத்துத் தங்கப் பதக்கம் வாங்கினான். ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வில், அவன் சொல்லச் சொல்ல எழுதித்தர வந்தவருக்குக் கணக்குக் குறிகளே தெரியாது. ஒவ்வொரு குறியும் எப்படி இருக்கும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டே எழுதித் தேர்ச்சி பெற்றான். பார்வையற்றோருக்கான சதுரங்கப் போட்டியில் மாநிலத்தில் இரண்டாம் இடம். இரண்டாம் இடத்தையெல்லாம் வென்றதில் சேர்க்கலாமா என்று அவனுடைய மாமா அண்ணாதுரை இன்னமும் கேட்பார். அந்த மாமாவை ஞாயிற்றுக்கிழமைதோறும் வெல்வது தனிக்கணக்கு. ஹோமோடோபி என்கிற கடினமான துறையில் டாக்டர் பட்டம். பெரம்பலூரில் கல்லூரி வேலை. அந்தப் பட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு கையெழுத்து. அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

குன்னத்துக்குத் தெற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரிக் கரிசல் காட்டில் அவர்கள் வீடு. அப்பா வெள்ளைச்சாமி முத்தமிழ் சிறுவனாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா பொன்னுத்தாய், அக்கா மலர்கொடி, அக்காளின் கணவர் அண்ணாதுரை என்று எல்லோரும் ஒரே வளவில்தான் இருக்கிறார்கள். மலர்கொடி எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடமாட்டாள். அவள் கட்டிய மூட்டை வழியில் அவிழ்ந்ததில்லை. அவள் பின்னிய ஒயர் கூடையில் ஒரு கண் பெரிது ஒரு கண் சிறிது என்று யாரும் சொன்னதில்லை.

தம்பி விடுதிப் பள்ளியில் பிரெயில் கற்றுக்கொண்டு வந்தபோது அவளும் கூட உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். பிரெயில் என்பது தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து. அதைப் படிப்பது ஒரு திசை, எழுதுவது இன்னொரு திசை. பலகையில் தாளைச் செருகி, வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கமாக ஊசியால் குத்திக்கொண்டே போக வேண்டும். எழுத்தையும் கண்ணாடியில் தெரிவது போல் புரட்டித்தான் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில் புள்ளிகள் மேடாக எழும்பியிருக்கும். இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கலாம். முத்தமிழுக்கு எழுதுவது என்றாலே வலமிருந்து இடமாகப் புரட்டி எழுதுவதுதான்.

அவன் மேல்படிப்புக்குப் போனதும் சங்கடம் வந்தது. கணக்குப் புத்தகங்கள் பிரெயிலில் கிடைக்கவில்லை. பேசும் கணினி சாதாரண வரிகளைப் படித்தது. குறிகள் வந்த இடத்தில் திக்கியது. அதனால் மலர்கொடி படித்தாள். ஆங்கில எழுத்துகள் அவளுக்குத் தெரியும். தெரியாத குறிகளுக்கு அவளே பெயர் வைத்தாள். பை என்கிற π குறி அவளுக்கு மேசை. முடிவிலி படுத்த எட்டு. நட்சத்திரக் குறி பூ.

"மேசை, அடியில சின்ன ஒண்ணு, அடைப்புக்குள்ள பெரிய எக்ஸு, கமா, பூ" என்று அவள் வாசிப்பாள்.

"பூ அடியிலயா, தலையிலயா?"

"அடியிலயும் இல்ல, தலையிலயும் இல்ல. நேரா நிக்குதுடா."

"சரி, மேல போ."

படம் வந்தால் அவன் விரலைப் பிடித்துத் தன் உள்ளங்கையிலேயே வரைந்து காட்டுவாள். கண்ணால் பார்த்த எதையும் விடமாட்டாள். தாளில் ஈ உட்கார்ந்த கறை இருந்தாலும், "இங்க ஒரு கறை இருக்கு, கணக்கா கறையான்னு தெரியல" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

ஒருநாள் அண்ணாதுரை கேட்டார். "ஏன் மாப்ள, அக்காளும் தம்பியும் மேசை, பூவுன்னு கல்யாண மண்டபத்துச் சாமான் மாதிரி படிக்கிறீங்களே, அப்படி என்னதான் படிப்பு அது?"

முத்தமிழ் யோசித்துவிட்டுச் சொன்னான். "அரியலூர் போற வழியில சுண்ணாம்புக்கல் வெட்டுன பள்ளம் இருக்குல்ல மாமா. பஸ்ஸு அதுக்கு இந்தப் பக்கமாப் போவுது. சிமெண்ட் லாரி அந்தப் பக்கமாப் போவுது. இந்த ரோட்டக் கொஞ்சங் கொஞ்சமா நகத்தி நகத்தி அந்த ரோட்டோட சேத்துட முடியுமா?"

"எப்படி முடியும்? நடுவுல பள்ளம் கெடக்கே."

"பள்ளம் இல்லன்னா?"

"சேத்துடலாம்."

"அவ்வளவுதான். எந்தப் பாதைய நகத்தி எந்தப் பாதையா ஆக்கலாம், எத ஆக்க முடியாதுங்கறதுதான் ஹோமோடோபி."

"அட, இது நம்ம கண்டக்டருக்கே தெரியுமே! இதுக்கு எதுக்குய்யா டாக்டர் பட்டம்?"

முத்தமிழ் நன்றாகச் சிரித்தான். சாலையும் பள்ளமும் தொடக்கம்தான். அவன் செய்த ஆராய்ச்சி பந்துகளைப் பற்றியது. ஒரு பந்தை இன்னொரு பந்தின் மேல் துணி மாதிரிப் போர்த்தலாம். ஒருமுறை சுற்றலாம், இருமுறை சுற்றலாம், சட்டையை உள்வெளியாக மாற்றிப் போடுவது போலப் புரட்டியும் போர்த்தலாம். புரட்டிப் போர்த்தினால் அதற்கு மைனஸ் கணக்கு. எவ்வளவு இழுத்து நெளித்தாலும் புரட்டியது நேராகாது. கண்ணுக்கே எட்டாத பரிமாணங்களில் இப்படி எத்தனை விதமாகப் போர்த்த முடியும் என்று எண்ணுவதுதான் அவன் வேலை. "அந்தப் பரிமாணங்களை யாராலயும் பாக்க முடியாது முத்தமிழ். அங்க நீயும் நானும் ஒண்ணு" என்று அவனுடைய நெறியாளர் லீலாவதி மேடம் முதல் நாளே சொன்னார். அரியலூரில் அவன் ஆய்வு செய்த கல்லூரியில் அவர் கணக்குப் பேராசிரியர். அந்த ஒரு பேச்சுக்காகவே அவன் அவரிடம் சேர்ந்தான்.

ஆய்வேடு முடிந்தது. தட்டச்சும் ஆகிவிட்டது. 2023 தை மாதத்தில், பொங்கல் கழிந்து கல்லூரி திறந்த வாரத்து வெள்ளிக்கிழமை, ஆபீஸ் அலுவலர் பிரசாத் அவனைக் கூப்பிட்டு வேலைகளை விளக்கினார். நல்ல மனிதர், ஆய்வு மாணவர்களைக் கூட 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

"பிப்ரவரி ஒம்பதாம் தேதி கடைசி சார். முதல் பக்கத்துக்கு அடுத்து உறுதிமொழிப் பக்கம். 'இந்த ஆய்வு என் சொந்த உழைப்பு'ன்னு இருக்கும். அதுக்குக் கீழ நீங்க கையெழுத்துப் போடணும். அதுக்கென்ன, நீங்க ரேகை வச்சாப் போதும். ஸ்டாம்ப் பேடு நானே எடுத்து வைக்கிறேன்."

அதுவரை முத்தமிழ் எல்லா இடத்திலும் ரேகைதான் வைத்திருக்கிறான். தேர்வு நுழைவுச்சீட்டு, பேங்க், உதவித்தொகை, எங்கும் இடது பெருவிரல்தான். யாராவது கையைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் ஒற்றி, பிறகு ஒரு துணியைக் கொடுப்பார்கள். அதற்காக அவன் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மத்ததெல்லாம் அவங்க எழுதுனது அக்கா. அதுக்குக் கீழ கைநாட்டு வச்சேன். இது நான் எழுதுனது. நான் எழுதுனேன்னு சொல்றதுக்கே கைநாட்டா?"

மலர்கொடி சோளக்கதிரை உரித்துக்கொண்டிருந்தாள். "வச்சுட்டு வாடா. யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்" என்றான்.

அவன் அப்படிச் சொன்னால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். உரித்த கதிரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். பரணில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் கிடந்தன. கெட்டியான ஒன்றை எடுத்தாள். கூடை பின்னி மிஞ்சிய ஒயரை வெட்டி, வளைத்து, பசை தடவி அதன்மேல் ஒட்டினாள். வெ. முத்தமிழ். ஒவ்வொரு எழுத்தும் எங்கே தொடங்குகிறது என்று அவன் விரலுக்குத் தெரிவதற்காக அந்தந்த இடத்தில் ஒரு பருத்திக்கொட்டையை ஒட்டினாள். 'ழ'வின் வால் சரியாக வரவில்லை என்று பிய்த்து மறுபடி ஒட்டினாள். இன்னொரு அட்டையில் கையெழுத்து அளவுக்குச் சன்னல் மாதிரி வெட்டிக் கொடுத்தாள். அந்தச் சன்னலுக்குள் எழுதினால் வரி கோணாது.

முத்தமிழ் தன் பெயரைத் தடவிப் பார்த்தான். பிரெயிலில் தெரியும், பேசிக் கேட்கத் தெரியும். ஆனால் கண்ணுள்ளவர்கள் அதை எப்படி எழுதுகிறார்கள் என்பது முப்பது வயதில் அன்றுதான் தெரிந்தது.

"'மு'வுக்கு இப்படி ஒரு வயிறா?" என்றான். "இந்தப் புள்ளி மட்டும் தனியாப் போயி நிக்குதே. மத்தது எல்லாம் ஒரே ஓட்டமா வருது, இதுக்குப் பேனாவத் தூக்கணும். தூக்குனா எனக்கு எடம் தவறிடும்."

"தூக்கித்தான் ஆவணும். புள்ளி இல்லன்னா அது முத்தமிழ் இல்ல."

"எங்க கணக்குப்படி பேனா ஓடுற பாதையாப் பாத்தா, என் கையெழுத்தையும் மாமா கையெழுத்தையும் இழுத்துச் சுருக்கி ஒரே புள்ளியா ஆக்கிடலாம் அக்கா. ரெண்டும் ஒண்ணுதான்."

கட்டிலில் படுத்திருந்த அண்ணாதுரை தலையைத் தூக்கினார். "அப்ப நீ வயல எழுதிக் குடுத்தா நான் போட்டதாவும் ஆவுமா?"

"உங்க கையெழுத்தப் பாத்தா கோழி கெளறுன மாதிரி இருக்குன்னு அக்கா சொல்லுது. அதச் சுருக்கவே பெரும்பாடு மாமா."

அட்டைகளை எடுத்துக்கொண்டு அவன் அரியலூர் போனான். வாரநாட்களில் கல்லூரி விடுதியில் தங்குவது வழக்கம். இடக்கை விரலை ஒயர்மேல் வைத்துக்கொண்டு வலக்கையால் எழுதிப் பழகினான். அக்காளுக்குப் போன் செய்யும்போதெல்லாம் இதே பேச்சுதான். வயிறு வந்துவிட்டது, வால் வந்துவிட்டது, புள்ளி பிடிபட்டுவிட்டது. அறைத் தோழர்களிடம் காட்டவில்லை. முதலில் அக்காதான் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தான்.

பிப்ரவரி மாத முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவன், பையிலிருந்து தாள்களை எடுத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.

"பாரு."

மலர்கொடி வாங்கிப் பார்த்தாள். பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். கோடு நடுங்கவில்லை. எழுத்துகள் ஒரே அளவில், ஒரே சாய்வில், சன்னலுக்கு வெளியே ஒரு கீறல் கூடப் போகாமல் இருந்தன. எல்லாமே கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி இருந்தன. 'வெ' வலப்பக்கக் கோடியில் நின்றது. 'ழ்' இடப்பக்கக் கோடியில் வாலை மறுபக்கமாக வீசிக்கொண்டு நின்றது.

அவன் முகம் அவள் பக்கமாகத் திரும்பிக் காத்திருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வியாழக்கிழமை ஆபீஸில் போய் இதையே போடுவான். கறையைக்கூட மறைக்காமல் படித்துச் சொன்னவள் இதை எப்படி மறைப்பாள்?

"டேய் தம்பி, எழுத்து ரொம்ப அழகா இருக்குடா. ஆனா எல்லாம் திரும்பி இருக்கு."

"எப்படித் திரும்பி?"

"பிரெயில் பலகையில குத்துற மாதிரி. வலப்பக்கமிருந்து எழுதியிருக்க. எழுத்தும் பொரண்டு இருக்கு." தாளைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்பக்கமாகப் பார்த்தாள். "இந்தா, பின்னால பாத்தா அப்படியே சரியா இருக்கு. 'வெ. முத்தமிழ்'. ஒரு கொறையும் இல்ல."

முத்தமிழ் தாளை வாங்கிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். சிறுவயதிலிருந்து கைக்குப் பழக்கமான ஒரே எழுத்துமுறை அது. எழுது என்றதும் கை அவனைக் கேட்காமலே புரட்டிக்கொண்டது.

"மைனஸ்!" என்றான். "ஆய்வேட்டுல ஒரு மைனஸ் குறியத் தொலைச்சுட்டு ஒரு வருசம் தேடுனேன். அது இங்க வந்து உக்காந்திருக்கு."

சிரித்தானே தவிர மறுநாள் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து வலக்கையைத் திருத்தப் பார்த்தான். 'வெ' சரியாக வரும். 'மு' பாதியில் திரும்பிக்கொள்ளும். 'மி'யின் மேல்விலங்கு எந்தப் பக்கம் என்று குழம்பும். பழகாத கையைப் பழக்கிவிடலாம், நன்றாகப் பழகிவிட்ட கையைத் திருத்துவது பெரும்பாடு. மத்தியானம் பேனாவைக் கீழே வைத்தான்.

"ஸ்டாம்ப் பேடு எடுத்து வைக்கச் சொல்லி பிரசாத் சாருக்குப் போன் போடவா அக்கா?"

பருத்தி எடுக்கும் நேரம். மலர்கொடி அவனைக் காட்டுக்குப் போகக் கூப்பிட்டாள். பருத்தி எடுப்பதில் முத்தமிழ் கெட்டிக்காரன். வெடித்த காயை விரல் தானே கண்டுபிடிக்கும். செடிக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை என்று இரண்டு கையாலும் எடுப்பான். அப்படி எடுத்துக்கொண்டே வந்தவன் ஒரு செடிக்கு நடுவில் நின்றுவிட்டான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெளியிலிருந்து நடுவுக்கு வருவதைக் கவனித்தான். வலக்கை இடப்பக்கமாக வந்தால் இடக்கை வலப்பக்கமாக வருகிறது. ஒன்று செய்வதை இன்னொன்று புரட்டிச் செய்கிறது.

"அக்கா, வூட்டுக்குப் போலாம் வா. சாக்பீஸு ரெண்டு வேணும்."

சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தான். இரண்டு கையிலும் சாக்பீஸ். வலக்கையை வலது கோடியிலும் இடக்கையை இடது கோடியிலும் வைத்து, இரண்டையும் சேர்த்தே ஓட்டினான். இரண்டு கையும் இரண்டு பக்கத்திலிருந்து கிளம்பி ஒன்றை ஒன்று பார்க்க நடந்து வந்தன. வலக்கை எழுதியது பழையபடி புரண்டிருந்தது. இடக்கை எழுதியது கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் பெரிதாக, ஆனால் நேராக இருந்தது.

"சரியா இருக்குடா!" என்று மலர்கொடி கத்தினாள். "ஏங்க, இங்க வாங்க! இடக்கைப் பக்கம் பாருங்க!"

"புரட்டுனத இன்னொரு தரம் புரட்டுனா நேராயிடும்" என்றான் முத்தமிழ். "மைனஸும் மைனஸும் பிளஸ்ஸு."

அண்ணாதுரை வந்து குனிந்து பார்த்தார். "நான் ஒரு கையால போடுறதே கோழி கெளறுனாப்ல இருக்குன்ன. நீ ரெண்டு கையாலயும் போடுறியேய்யா."

சத்தம் கேட்டுப் பொன்னுத்தாய் உள்ளேயிருந்து வந்தார். தரையைப் பார்த்தார், மகன் கையைப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்தக் கை என்று தெரிந்தது.

"பீச்சாங்கையாலயா போடப் போற? இம்புட்டு வருசம் படிச்சுட்டு, நல்ல காரியத்துக்கு அந்தக் கையவா நீட்டுவ? ஒருத்தருக்கு ஒரு பொருள அந்தக் கையால குடுத்தாலே ஏசுவாங்க. அதுக்கு அந்த மையவே தொட்டு வச்சுட்டு வா."

"அந்த மையும் இந்தக் கையிலதாம்மா வைப்பாங்க" என்று சிரித்தான் முத்தமிழ்.

"அது அவங்க புடிச்சு வைக்கிறது. இது நீயா வைக்கிறது."

அம்மா அப்படிச் சொன்னது சரிதான் என்று அவனுக்கே பட்டது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் பக்கமாக இடக்கையை நீட்டினான்.

"ஆள்காட்டி விரலத் தொட்டுப் பாரு. நான் பிரெயில் படிக்கிறது இந்த வெரல்லதாம்மா. வலக்கை குத்தும்; இந்தக் கைதான் படிக்கும். ஒண்ணாப்புலேருந்து நான் படிச்சது அத்தனையும் இது வழியாத்தான் உள்ள போயிருக்கு. படிச்ச கை கையெழுத்துப் போடக் கூடாதா?"

பொன்னுத்தாய் விரலைத் தொட்டுப் பார்த்தார். நுனி மற்ற விரல்களைவிட வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. பிறகு விரலை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சம்மதமா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டிலேயே இடக்கையைப் பழக்கிவிட்டுப் புதன்கிழமை காலையில் விடுதிக்குக் கிளம்பிய தம்பிக்கு மலர்கொடி பையை எடுத்துவைத்தபோது, புதுப் பேனாவின் மூடியில் மஞ்சள் வைத்திருப்பதைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அக்காளும் தம்பியும் அரியலூர் பஸ் நிலையத்தில் சந்தித்துக் கல்லூரிக்குப் போனார்கள். லீலாவதி மேடம் முன்பே வந்து தன் சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்திட்டிருந்தார். பிரசாத் மேசைமேல் ஸ்டாம்ப் பேடை எடுத்து வைத்திருந்தார்; பக்கத்தில் துடைக்கத் துணியும் வைத்திருந்தார்.

"அது வேணாம் சார்" என்றான் முத்தமிழ்.

மலர்கொடி உறுதிமொழிப் பக்கத்தைப் பிரித்து, அட்டைச் சன்னலைக் கோட்டின்மேல் பொருத்தி, அவன் விரலை அதன் இடது ஓரத்தில் வைத்துவிட்டு விலகி நின்றாள். அவன் பேனாவை இடக்கையில் பிடித்தான். வலக்கையை மேசைமேல் வைத்து, பேனா இல்லாமலே அதுவும் வலது கோடியிலிருந்து கூடவே ஓடட்டும் என்று விட்டான். பிரசாத் ஏதோ கேட்க வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

'வெ' வந்தது. 'மு'வின் வயிறு வந்தது. பேனாவைத் தூக்கிப் புள்ளி வைத்தான். 'ழ'வின் வால் சன்னலின் விளிம்பைத் தொட்டு நின்றது. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான்.

"அக்கா?"

மலர்கொடி அட்டையை எடுத்தாள். 'த்'தின் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. அதையும் சொன்னாள். "புள்ளி ஒரு நூல் தள்ளிப் போயிருக்கு. மத்தது எல்லாம் சரியா இருக்குடா. யாரு படிச்சாலும் முத்தமிழ்னுதான் படிப்பாங்க."

பிரசாத் தாளைத் தன் பக்கம் திருப்பி, மெல்ல வாய்விட்டுப் படித்தார். "வெ. முத்தமிழ்." பிறகு ஸ்டாம்ப் பேடை மூடி இழுப்பறைக்குள் போட்டார். "கையெழுத்துக்குக் கீழ தேதி வேணும் சார்."

முத்தமிழுக்கு எண்களை அப்படி எழுதிப் பழக்கமில்லை. அதை யாரும் யோசிக்கவே இல்லை. பேனாவைத் திருப்பி அக்காளிடம் நீட்டினான், இடக்கையாலேயே.

"தேதிய நீ போடு."

"நான் போடலாமுங்களா சார்?"

"தேதி யாரு போட்டா என்னங்க, போடுங்க" என்றார் பிரசாத்.

மலர்கொடி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். தம்பியின் பெயருக்கு நேர் கீழே, கோடு தவறாமல், ஒவ்வொரு எண்ணாக எழுதினாள்: 9.2.2023.